வீடு கவிழ்ந்தால் வேலையைக் கவிழ விடாதீர்கள்

புதன்கிழமை நொட்டேரிடம் வீட்டுப் பத்திரக் கையெழுத்து. திங்கள் பிற்பகல், நீங்கள் மீட்டிங்கில் இருக்கும்போது, புரோக்கரிடமிருந்து மெசேஜ்: வங்கி பின்வாங்கிவிட்டது. அல்லது விற்பவர் மனம் மாறிவிட்டார். அல்லது சர்வேயர் தந்த சான்றிதழில் ஏதோ சிக்கல், திகதி தெரியாமல் தள்ளிப்போகிறது.

மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜில் இந்த மெசேஜ் புதிதல்ல. பார்க்லே, லின்டன், பிளாமொண்டன் பக்கத்து அபார்ட்மென்ட்களில் இருந்துகொண்டு, டபுள் ஷிஃப்ட் அடித்துச் சேர்த்த காசோடு டொலார்-தெ-ஓர்மோவிலோ லவாலிலோ புரோசாரிலோ வீடு தேடுவது மொன்றியலில் நம்மவர்களின் வழமையான பாதை. அந்தப் பாதையில் கடைசி வாரத்தில் வழுக்கி விழுந்த குடும்பங்கள் நிறைய.

விழுந்தவர்கள் பெரும்பாலும் என்ன செய்கிறார்கள்? லீவு போடுகிறார்கள். வேலை நேரம் முழுக்க போனில் நிற்கிறார்கள். மனேஜர் கேட்ட சாதாரணக் கேள்விக்கு எரிந்து விழுகிறார்கள். இப்படி மூன்று வாரம் ஓடினால் வீட்டோடு சேர்த்து அந்த வருட ரிவ்யூவும் போய்விடும். கொஞ்சம் நிதானமாகக் கணக்குப் பாருங்கள். இப்போது உங்கள் கையில் மிஞ்சியிருக்கும் உறுதியான சொத்து உங்கள் பே ஸ்லிப். போன வீட்டுக்கு வங்கி அதைத்தான் பார்த்தது. அடுத்த வீட்டுக்கும் அதைத்தான் பார்க்கும். அதே வீட்டுக்கு உங்களோடு போட்டி போடும் அடுத்த ஆளின் ஃபைலில் பே ஸ்லிப் சுத்தமாக இருக்கும். ஆகவே ஒழுங்கு முக்கியம்.

1. முதல் நாள் எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள்

ரொறன்ரோவிலுள்ள மச்சான் போனில் சொல்லும் அறிவுரை இங்கே பாதிக்கு மேல் பொருந்தாது. கியூபெக்கில் சிவில் கோட் சட்டம். உங்கள் ஒஃபரை விற்பவர் ஏற்றுக் கையெழுத்திட்டதுமே அது இருவரையும் கட்டிவிடுகிறது. அதன்பிறகு நியாயமான காரணம் இல்லாமல் விற்பவர் பின்வாங்கினால், சிவில் கோட்டின் 1712ஆம் பிரிவின் கீழ் வாங்குபவர் வழக்குப் போடலாம். வென்றால் நீதிமன்றத் தீர்ப்பே விற்பனைப் பத்திரத்தின் இடத்தைப் பிடிக்கும். வழக்குப் போட்டதை நிலப் பதிவேட்டில் முன்பதிவு செய்தும் வைக்கலாம், வீடு வேறு கைக்கு மாறும்போது உங்கள் உரிமை மறைந்துவிடாமல் இருக்க. ஆனால் இந்த வழிக்குப் பொறுமையாகக் காத்திருக்க முடியாது. எழுத்தில் எச்சரிக்கைக் கடிதம் போக வேண்டும், பணம் தயாராக இருப்பதைக் காட்ட வேண்டும், அதிகம் தாமதிக்காமல் கோர்ட்டுக்குப் போக வேண்டும்.

இவ்வளவு பெரிய உரிமையை ஆட்கள் எங்கே தொலைக்கிறார்கள் தெரியுமா? லஞ்ச் பிரேக்கில், போனில், இ-சைன் லிங்கில். "ஒரு சின்னப் படிவம்தான், சைன் பண்ணினால் டிபொசிட் உடனே வரும்" என்று மெசேஜ் வரும். அது ஒப்பந்தத்தை ரத்துச் செய்து இரு தரப்பையும் விடுவிக்கும் தாள் என்றால், டிபொசிட்டோடு வழக்கும் முடிந்தது. டிபொசிட் டிரஸ்ட் அக்கவுண்டில்தான் இருக்கும், இரண்டு நாளில் ஓடிவிடாது. வீட்டுக்கு வந்து, கம்ப்யூட்டரில் திறந்து, முழுவதும் வாசியுங்கள். பிரெஞ்சு புரியவில்லை என்றால், புரிந்த ஒருவரோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

யார் யாருக்காக வேலை செய்கிறார்கள் என்பதையும் தெரிந்துவைத்திருங்கள். புரோக்கருக்கு விற்பனை முடிந்தால்தான் கமிஷன். முறிந்த டீலில் உங்களோடு மல்லுக்கட்டுவதைவிட அடுத்த வீட்டுக்கு உங்களைக் கூட்டிப்போவதில்தான் அவருக்கு லாபம். அதில் தப்பு ஒன்றுமில்லை, அது அவருடைய தொழில். 2022 ஜூன் 10 முதல் கியூபெக்கில் ஒரே புரோக்கர் ஒரு வீட்டின் விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துப் பிரதிநிதித்துவம் செய்ய முடியாது. உங்களோடு எழுத்தில் ஒப்பந்தம் இல்லாதவர் உங்கள் ஆள் இல்லை, எவ்வளவு இனிக்கப் பேசினாலும். நொட்டேர் இரு தரப்புக்கும் பொது. அவர் விளக்குவார், உங்களுக்காகச் சண்டை பிடிக்க மாட்டார். சண்டைக்கு அவொக்கா, அதாவது வக்கீல், வேண்டும்.

அவொக்காவுக்குக் காசு கொடுக்குமுன் உங்கள் கம்பெனியின் பெனிஃபிட்ஸ் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். பெரிய நிறுவனங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் ஊழியர் உதவித் திட்டம் இருக்கும். அதில் பல திட்டங்களில் வக்கீலோடு போனில் பேசும் வசதியும் உண்டு. நம்மவர்கள் அதை மனஅழுத்தத்துக்கு மட்டும் என்று நினைத்துத் தொடுவதே இல்லை. உங்கள் சம்பளத்தின் ஒரு பகுதி அது, பயன்படுத்துங்கள். அது இல்லாதவர்களுக்குச் சட்டத் தகவலை இலவசமாகச் சொல்லும் சான்தர் தெ ஜுஸ்திஸ் தெ புரொக்ஸிமிதே என்ற நிலையங்கள் மொன்றியலிலும் இருக்கின்றன.

முதல் நாள் முடிவதற்குள் ஒரே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். யார் பின்வாங்கியது, என்ன காரணம், எந்தத் திகதியிலிருந்து என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். போனில் கேட்ட கதையை வைத்துக்கொண்டு யாரும் வழக்கு வென்றதில்லை.

2. மனேஜரிடம் இரண்டு வாக்கியம்

மனேஜருக்குச் சொல்லத்தான் வேண்டும். முழுக்கதை வேண்டாம். "என் வீட்டு விற்பனை கடைசி நேரத்தில் நின்றுவிட்டது. வியாழன் காலை 9 முதல் 11 வரை வெளியே போக வேண்டும், வெள்ளி டெலிவரி பாதிக்காது." இவ்வளவுதான். நேரம், திகதி, வேலைக்கு என்ன ஏற்பாடு என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. கண்ணீர், வங்கியின் பெயர், விற்பவரின் குணம் எதுவும் இல்லை. நெருக்கடியில் சுருக்கமாகப் பேசும் ஆள் என்ற அபிப்பிராயம் அடுத்த டீம் லீட் தேர்வில் பேசும். அதே விஷயத்தை அரை மணி நேரம் புலம்பினால் வேறொரு அபிப்பிராயம் பேசும்.

லீவு விஷயத்தில் கவனம். கியூபெக் தொழில் சட்டத்தில் குடும்பப் பொறுப்புக்காக வருடத்துக்கு 10 நாள் விடுப்பு உண்டு. நோய்க்கும் விடுப்பு உண்டு. மூன்று மாதம் சர்வீஸ் இருந்தால் இவற்றில் வருடத்துக்கு முதல் இரண்டு நாளுக்குச் சம்பளமும் கிடைக்கும். வீடு வாங்குவது இந்தப் பட்டியலில் இல்லை. 2025 ஜனவரி 1 முதல், வருடத்தின் முதல் மூன்று குறுகிய நோய் விடுப்புகளுக்கு முதலாளி மருத்துவச் சான்றிதழ் கேட்க முடியாது என்பதால், "சிக் அடித்துவிடலாம்" என்று கை துறுதுறுக்கும். வேண்டாம். இன்னும் சில வாரத்தில் புதிய வேலைச் சான்றுக் கடிதம் கேட்டு நீங்கள் போய் நிற்கப்போவது அதே எச்.ஆர். முன்னால். வங்கி போன் போட்டு விசாரிக்கப்போவதும் அவர்களிடம்தான். வெகேஷனிலிருந்து அரை நாள் எடுங்கள். அல்லது நேரத்தை மாற்றி வேலை செய்து ஈடுகட்டுங்கள்.

சக ஊழியர்களுக்கு இதைவிடக் குறைவாகச் சொல்லுங்கள். "டீல் முறிந்தது, வேறு பார்க்கிறோம்" போதும். வீடு போனதால் நீங்கள் மனம் உடைந்திருக்கிறீர்கள் என்ற செய்தி, அதே புரொமோஷனுக்குக் காத்திருப்பவருக்கு ஒரு வசதி. அவர் கெட்டவராக இருக்கத் தேவையில்லை. "பாவம், இப்ப அவருக்குப் பெரிய புராஜெக்ட் கொடுக்க வேண்டாம்" என்று நல்ல மனதோடு சொன்னாலே உங்கள் வாய்ப்பு போய்விடும்.

3. ஏன் கவிழ்ந்தது? பெரும்பாலும் உங்கள் வேலைத் தாள்களில் பதில் இருக்கும்

இந்தப் பகுதியை ஆறுதலாக வாசியுங்கள். விற்பவர் மனம் மாறுவது பேச்சுக்கு நல்ல கதை. ஆனால் கடைசி வாரத்தில் டீல் கவிழ்வதற்கு அடிக்கடி காரணமாக இருப்பது வாங்குபவரின் வருமான ஃபைல். முன்அனுமதி என்று வங்கி முதலில் கொடுப்பது வாய்ப்பேச்சுக்குக் கொஞ்சம் மேல். கடைசி நேரத்தில் அவர்கள் மறுபடி தோண்டுவார்கள்.

கணக்கு எவ்வளவு இறுக்கமானது என்று தெரிந்தால் ஆச்சரியப்பட மாட்டீர்கள். வங்கி உங்களுக்குத் தரும் வட்டியில் மட்டும் கணக்குப் போடுவதில்லை. அந்த வட்டியோடு 2 சதவீதம் கூட்டி, அல்லது 5.25 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதில் உங்களால் கட்ட முடியுமா என்று பார்க்கிறது. இந்த விளிம்பில் நிற்கும் குடும்பத்தில் ஒருவருடைய மணித்தியாலம் வாரத்துக்கு ஐந்து குறைந்தாலே ஃபைல் விழுந்துவிடும்.

முதல் பொறி, உறுதியில்லாத மணித்தியாலம். ஜூயிஷ் ஜெனரல், சென்-ஜஸ்தீன், சென்ட் மேரிஸ் என்று கோட்-டெ-நெய்ஜைச் சுற்றி ஆஸ்பத்திரிகள். நம்மவர்கள் நிறையப் பேர் அங்கே வேலை செய்கிறார்கள், பலர் கூப்பிட்டால் போகும் லிஸ்டில். வாரம் 40 மணித்தியாலம் உழைப்பார்கள், ஒப்பந்தத்தில் உறுதி செய்த மணித்தியாலம் 16 என்று இருக்கும். வங்கி 16ஐப் பார்க்கும். ஓவர்டைமையும் அப்படித்தான், பொதுவாக இரண்டு வருடச் சராசரி எடுப்பார்கள், போன மாதத்துப் பெரிய செக்கைக் காட்டிப் பயனில்லை. ஆகவே வேலையில் நீங்கள் பேரம் பேச வேண்டியது மணிக்கு ஐம்பது சதத்துக்காக அல்ல. நிரந்தரப் பதவிக்காக, எழுத்தில் உறுதியான மணித்தியாலத்துக்காக. போஸ்டிங் வெளியே வந்தால் அன்றே அப்ளை பண்ணுங்கள்.

இரண்டாவது, கையில் வாங்கும் சம்பளம். ரெஸ்டோரண்டிலோ கடையிலோ பாதி செக்கில், பாதி காசாக வாங்குபவர்களுக்கு நேராகச் சொல்கிறேன். அந்தப் பாதி வங்கிக்கு இல்லாத பாதி. டி4 தாளிலும் ரெலவே 1 தாளிலும் இல்லாதது மோர்ட்கேஜில் இல்லை, வேலையில்லாக் காலக் காப்புறுதியில் இல்லை, பென்ஷனிலும் இல்லை. வரி மிச்சம் என்று நினைத்த காசு இப்போது வீட்டின் விலையாக வந்து நிற்கிறது. முதலாளியிடம் முழுச் சம்பளத்தையும் பேரோலில் போடச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார். உங்களைப்போல வேலை தெரிந்த ஆளை இழப்பதைவிட அது அவருக்கு மலிவு என்று நினைக்கிற அளவுக்கு நீங்கள் வேலை தெரிந்தவராக இருக்க வேண்டும். சொந்தத் தொழில், டெலிவரி, டாக்ஸி என்றால் இரண்டு வருட வரி மதிப்பீட்டுத் தாள் கேட்பார்கள். ஒட்டாவாவிலிருந்து ஒன்று, ரெவனியு கியூபெக்கிலிருந்து ஒன்று. இரண்டையும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள்.

மூன்றாவது, நல்ல செய்தி மாதிரி வரும் பொறி. கையெழுத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது கூடுதல் சம்பளத்தோடு புதிய வேலை. உடனே மாறிவிடுகிறார்கள். புதிய இடத்தில் மூன்று மாத புரொபேஷன். வங்கி கடைசியாகப் பழைய கம்பெனிக்கு போன் போடுகிறது, "அவர் இங்கே இல்லை" என்று பதில் வருகிறது. முடிந்தது. நொட்டேர் மேசையிலிருந்து எழும்பும்வரை ராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள், புதிய காரும் எடுக்காதீர்கள்.

நான்காவது, சீட்டுக் காசு. டவுன்பேமென்ட் எங்கிருந்து வந்தது என்று வங்கி பொதுவாக 90 நாள் ஸ்டேட்மென்ட் கேட்கும். சீட்டு எடுத்த பணம் ஒரே நாளில் மொத்தமாக வந்து விழுந்திருந்தால் அதற்குக் கணக்குக் காட்டச் சொல்வார்கள். அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் கொடுத்த பணம் என்றால் நன்கொடைக் கடிதம் எடுபடும். சிநேகிதரின் கைமாற்றை நன்கொடை என்று எழுதச் சொல்லி யாராவது ஐடியா கொடுத்தால் கேட்காதீர்கள். அது வங்கிக்குப் பொய்த் தாள் கொடுப்பது. பணத்தை மூன்று மாதத்துக்கு முன்பே அக்கவுண்டில் போட்டுவையுங்கள், எங்கிருந்து வந்தது என்பதற்குத் தாளும் வைத்திருங்கள்.

உங்கள் கையில் இல்லாத காரணங்களும் உண்டு. கனடா மத்திய வங்கியின் வட்டி 2022 மார்ச் தொடக்கத்தில் 0.25 சதவீதம், 2023 ஜூலையில் 5 சதவீதம். அந்தப் பதினாறு மாதத்துக்குள் ஒஃபர் போட்டுப் பிறகு கையெழுத்துக்குப் போனவர்கள் பட்டபாடு தெரிந்ததே. மதிப்பீட்டாளர் வீட்டுக்குக் குறைந்த விலை போட்டால் வங்கி அந்த விலைக்குத்தான் கடன் தரும், மிச்சம் உங்கள் பையிலிருந்து. கோட்-டெ-நெய்ஜிலேயே பிளெக்ஸோ கொண்டோவோ பார்த்தவர்களுக்கு வேறு இரண்டு. பிரிக்காத கூட்டு உரிமை வகைக் கொண்டோவுக்குக் குறைந்தது 20 சதவீதம் டவுன்பேமென்ட் வேண்டும், கடன் கொடுக்கும் வங்கிகளும் ஒன்றிரண்டுதான். 5 சதவீதத்தோடு போனவர் கடைசியில் முழிப்பார். டூப்லெக்ஸின் கீழ்த்தளத்தில் குடியேறலாம் என்று வாங்கப் போனவருக்கு, அங்கே பத்து வருடத்துக்கு மேல் இருக்கும் 65 வயது தாண்டிய, வருமானம் குறைந்த வாடகைதாரரைப் பொதுவாக எழுப்ப முடியாது என்பது பிறகு தெரியவரும். 2024 ஜூனிலிருந்து அந்தப் பாதுகாப்பு கடுமையாகியிருக்கிறது.

எது காரணமோ, ஒரு பக்கத் தாளில் எழுதிவையுங்கள். வேலையில் புராஜெக்ட் விழுந்தால் காரணம் எழுதி வைக்கிறோம். நான்கு லட்சம் டொலர் விழுந்தால் அந்த மரியாதைகூடக் கொடுக்காமல் "கண்ணூறு" என்று முடித்துவிடுகிறோம்.

4. லீஸைக் காப்பாற்றுங்கள்

கோட்-டெ-நெய்ஜ் ஆட்களுக்கு வீடு போனதைவிட உடனடித் தலைவலி இதுதான். இங்கே லீஸ்கள் பெரும்பாலும் ஜூன் 30 முடிகின்றன, ஜூலை 1 ஊரே லொறியில் ஏறுகிறது. ஒரு வருட லீஸ் என்றால், வெளியே போவதாக இருந்தால் அதை ஜனவரிக்கும் மார்ச் கடைசிக்கும் இடையில் எழுத்தில் சொல்லியாக வேண்டும், அல்லது வீட்டுக்காரரின் வாடகைக் கடிதம் கிடைத்து ஒரு மாதத்துக்குள். நொட்டேர் திகதியோ மே, ஜூனில். அதாவது வீடு கையில் வருமுன்பே "போகிறோம்" என்று எழுதிக் கொடுத்திருப்பீர்கள். டீல் கவிழ்ந்தது என்று அதை ஒருதலையாகத் திரும்பப் பெற முடியாது.

ஆகவே புரோக்கருக்கும் நொட்டேருக்கும் அடுத்த போன் வீட்டுக்காரருக்கு. அன்றே. அவர் வேறு ஆளுக்கு இன்னும் கொடுக்கவில்லை என்றால் பேரம் பேச இடமிருக்கிறது. "முழு வருடத்துக்குக் கையெழுத்து வைக்கிறேன்" என்பது உங்கள் கையில் இருக்கும் சீட்டு. இன்னும் "போகிறோம்" என்று சொல்லாதவர்கள், லீஸை வேறு ஆளுக்கு மாற்றிக் கொடுக்கலாம் என்று நம்பி இருக்காதீர்கள். 2024 பெப்ரவரி 21 முதல், பெரிய காரணம் எதுவும் காட்டாமலே வீட்டுக்காரர் அந்த மாற்றத்தை மறுத்து, நீங்கள் குறித்த திகதியோடு லீஸை முடித்துவிடலாம். மாற்றித் தரச் சொல்லிக் கடிதம் கொடுத்த பிறகு டீல் கவிழ்ந்தால் உங்களுக்கு இரண்டு வீடும் இல்லை. சப்லெட் அந்த அளவுக்கு ஆபத்தில்லை, லீஸ் உங்கள் பெயரிலேயே இருக்கும்.

ஜூலை 1க்குத் தங்க இடமில்லை என்ற நிலை வந்தால் கூச்சப்படாதீர்கள். 311ஐக் கூப்பிட்டால் மொன்றியல் நகரத்தின் வீட்டுதவிச் சேவைக்கு வழி காட்டுவார்கள். கோட்-டெ-நெய்ஜிலேயே புரொஜெக்ட் ஜெனஸிஸும், வாடகைதாரர்களுக்கான ஓ.இ.ஐ.எல். அமைப்பும் இருக்கின்றன. லீஸ் தகராறு முற்றினால் வாடகைத் தீர்ப்பாயமான டால். இவையெல்லாம் வேலை நேரத்துப் போன்கள். ஒரே காலையில் அடுக்கி முடித்துவிட்டு டெஸ்க்குக்குத் திரும்புங்கள்.

5. வெளியே போன காசைத் திரட்டுங்கள்

இன்ஸ்பெக்ஷன், மதிப்பீடு, லொறி அட்வான்ஸ், உறை பிரிக்காத புது சோஃபா. எல்லாவற்றுக்கும் ரசீது சேருங்கள். தப்பு மறுபக்கம் என்றால் 15,000 டொலர் வரை சிறு கோரிக்கை நீதிமன்றத்தில் நீங்களே வாதாடலாம், அங்கே பொதுவாக வக்கீலுக்கு இடமில்லை. வழமையான கால எல்லை மூன்று வருடம். ஆனாலும் எச்சரிக்கைக் கடிதத்தை நினைவு சூடாக இருக்கும்போதே அனுப்புங்கள்.

ஹோம் பையர்ஸ் பிளானில் ஓய்வுக்காலச் சேமிப்பான ஆர்.ஆர்.எஸ்.பி.யிலிருந்து எடுத்தவர்கள் கலண்டரில் குறியுங்கள். 2024 ஏப்ரல் முதல் அதில் 60,000 டொலர் வரை எடுக்கலாம், எடுத்த அடுத்த வருடம் அக்டோபர் 1க்கு முன் வீடு வாங்கியாக வேண்டும். ஆகவே இந்த வீடு போனாலும் அவகாசம் இருக்கிறது. வாங்கவே முடியாது என்றால், அந்த அடுத்த வருட டிசம்பர் 31க்குள் திருப்பிப் போட்டு ரத்துச் செய்யலாம். விட்டால் அது உங்கள் வருமானமாகி வரி விழும். முதல் வீட்டுச் சேமிப்புக் கணக்கான எஃப்.எச்.எஸ்.ஏ. பணத்தை நொட்டேர் திகதி உறுதியாகும்வரை தொடவே வேண்டாம்.

ஹைட்ரோ, இன்சூரன்ஸ், இன்டர்நெட், தபால் முகவரி, எச்.ஆரில் கொடுத்த புது முகவரி எல்லாவற்றையும் ஒரே மாலையில் திருப்புங்கள். வெல்கம் டாக்ஸ் பில் மட்டும் வராது. அது ஒன்றுதான் இந்த வாரத்து லாபம்.

6. நீங்கள் விற்பவர் என்றால்

வாங்க வந்தவர் ஓடிவிட்டால் முதலில் வங்கி மறுத்ததாகச் சொல்லும் தாளைக் கேளுங்கள். கியூபெக்கில் புரோக்கர்கள் பயன்படுத்தும் ஒஃபர் படிவத்திலேயே, நீங்கள் குறிப்பிடும் வேறு வங்கியில் அவரை விண்ணப்பிக்கச் சொல்ல விற்பவருக்கு வழி இருக்கிறது. நாள் கணக்கு மிகக் குறுகியது, அதே வாரத்தில் புரோக்கரை உசுப்புங்கள். இந்த வீட்டை நம்பி இன்னொன்று வாங்கி, பிரிட்ஜ் லோன் எடுத்திருந்தால் அதே நாளில் உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். நீங்களே மனம் மாறியவர் என்றால் எச்சரிக்கை: விற்காவிட்டாலும் புரோக்கருக்குக் கமிஷன் கட்ட வேண்டி வரலாம்.

7. இப்போது வேலை மாறலாம்

யாரும் சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன். வீடு வாங்கும் ஆறேழு மாதமும் நீங்கள் கட்டிப்போட்ட ஆள். நல்ல ஒஃபர் வந்தாலும் வங்கிக்குப் பயந்து விட்டிருப்பீர்கள். மனேஜர் அநியாயமாக ஷிஃப்ட் மாற்றினாலும் வேலைச் சான்றுக் கடிதத்துக்குப் பயந்து பேசாமல் இருந்திருப்பீர்கள். டீல் கவிழ்ந்த நிமிடத்தில் அந்தக் கட்டு அவிழ்கிறது. வேலை தேடுபவர்களுக்கு இதைவிட நல்ல இடைவெளி கிடைப்பது கடினம்.

ஒழுங்கு இப்படி இருக்கட்டும். முதல் மாதம் இப்போதைய வேலையில் ஒரு குறையும் வைக்காதீர்கள், ரெஃபரன்ஸ் அங்கிருந்துதான் வர வேண்டும். அதே மாதத்தில் ரெஸ்யூமேயைத் திருத்துங்கள், பிரெஞ்சை உயர்த்துங்கள். வீட்டு ஆவணங்களையே வாசிக்கத் தடுமாறினீர்கள் என்றால் இன்டர்வியூவிலும் அதே தடுமாற்றம்தான். 2022 செப்டம்பர் 1 முதல் நிலப் பதிவேட்டில் பதியும் பத்திரங்கள் பிரெஞ்சில்தான் இருக்க வேண்டும். வேலைச் சந்தையும் அதே பக்கம்தான் சாய்கிறது. அரசாங்கத்தின் இலவச பிரெஞ்சு வகுப்புகள் மாலையிலும் ஆன்லைனிலும் நடக்கின்றன.

இன்டர்வியூவில் வீட்டுக் கதையைத் திறக்காதீர்கள். "வீடு வாங்க வேண்டும், ஆகவே சம்பளம் கூட வேண்டும்" என்பவருக்குப் பேரம் பேச ஒன்றுமில்லை, தன் அவசரத்தை மேசையில் வைத்துவிட்டார். உங்களால் அவர்களுக்கு என்ன லாபம் என்று பேசுங்கள். சம்பளத்தோடு மூன்று விஷயம் எழுத்தில் கேளுங்கள்: நிரந்தரப் பதவியா, உறுதியான மணித்தியாலம் எத்தனை, புரொபேஷன் எந்தத் திகதியில் முடிகிறது. இந்த மூன்றும் ஆஃபர் லெட்டரில் இருந்தால் அடுத்த முறை வங்கி கேட்கும் தாளில் பாதி தயார்.

புதிய வேலையில் சேர்ந்தால் புரொபேஷன் முடியும்வரை எந்த வீட்டுக்கும் ஒஃபர் போடாதீர்கள். மனைவி அல்லது கணவரின் வேலையையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். இருவரும் ஒரே நேரத்தில் வேலை மாறினால் ஃபைல் படுத்துவிடும். ஒருவர் மாறும்போது மற்றவர் அசையக்கூடாது.

8. ஆட்களுக்கு என்ன சொல்வது

கடையில், கோயிலில், பிறந்தநாள் ஹாலில் கேட்பார்கள். பால் காய்ச்ச அழைத்திருந்தீர்கள் என்றால் கட்டாயம் கேட்பார்கள். குடும்பத்துக்குள் ஒரே பதிலை முடிவு செய்யுங்கள், பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிவையுங்கள். வழக்கு நடக்கக்கூடும் என்றால் விற்பவரையோ புரோக்கரையோ பற்றி வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வரிகூட வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் நொட்டேர் பத்திரத்தைவிட வேகமாகப் பயணம் செய்யும். ஃபேஸ்புக்கில் சாவியோடு எடுத்த படம் ஏற்கனவே போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். உங்கள் பெயரைத் தேடும் ரெக்ரூட்டருக்கும் அந்தக் கதை தேவையில்லை.

9. அதே வீட்டை மறுபடி பார்க்க வேண்டுமா?

இன்னும் வேலை மாறவில்லை என்றால், நான் பார்ப்பேன். விற்பவரோடு மனக்கசப்பு இல்லாமல், வங்கியாலோ சான்றிதழாலோ டீல் விழுந்திருந்தால், அந்த வீடு சில வாரத்தில் மறுபடி மார்க்கெட்டுக்கு வரும். இப்போது அது "திரும்பி வந்த வீடு". மற்ற வாங்குபவர்கள் சந்தேகத்தோடு பார்ப்பார்கள், விற்பவருக்குக் களைப்பு. அதன் குறை நிறை தெரிந்த ஒரே ஆள் நீங்கள், இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் உங்கள் கையில் இருக்கிறது. வேறொருவரின் ஒஃபரை ஏற்கனவே ஏற்றிருந்தாலும், அது முறிந்தால் மட்டும் செல்லும்படி இரண்டாம் நிலை ஒஃபர் போட்டு வைக்கலாம். புரோக்கர் உங்கள் ஃபைலைத்தான் முதலில் கேட்பார். திருத்திய வேலைச் சான்றுக் கடிதம், இரண்டு வரி மதிப்பீட்டுத் தாள்கள், 90 நாள் ஸ்டேட்மென்ட். மூன்றையும் ஒரே பி.டி.எஃப். ஆக்கி, அவர் கேட்ட அதே மாலையில் அனுப்புங்கள்.